தலைக்கு மேல் கொஞ்சம் இடம்

க்ளோவிஸ் மர்சோதோன் வீடு எது என்று எங்கள் அங்குலேம் ஊரில் கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கழுதைக்காரர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், தவழுகிற குழந்தைகூடக் கையைக் காட்டும். கோட்டைச் சுவருக்குக் கீழே, ஆற்றுக்கு இறங்குகிற சரிவில், கதவுக்கு நீலம் அடித்த வீடு. கழுதையின் பெயர் மர்தியால். தலையில் தபால்காரத் தொப்பி, தோளில் தோல்பை, கண்ணை மறைக்கும் சடைமயிர். ஒவ்வொரு கதையிலும் கடிதத்தைத் தப்பான வீட்டில் கொடுத்துவிட்டு, அதனால் மூளுகிற சண்டையைத் தீர்க்க ஊரெல்லாம் ஓடும். இருபத்தேழு படக்கதை ஆல்பம் வந்திருக்கிறது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், எங்கள் கழுதை கெட்டுப்போய்ப் பல பேருக்கு மாடிவீடு கட்டிக்கொடுத்தது.

அந்தக் கழுதை வாய் திறந்து பேசிய ஒவ்வொரு சொல்லையும் எழுதியவள் நான். பெயர் ழினெத். அட்டையில் தேடாதீர்கள், இருக்காது.

படக்கதையில் படம் போடுகிறவன் ஒருவன், பேச்சை எழுதுகிறவள் வேறொருத்தி என்பது வாசிக்கிறவர்களில் பல பேருக்குத் தெரியாது. க்ளோவிஸ் பென்சிலால் கட்டங்களைப் போட்டு, ஆட்களை நிறுத்தி, அவர்கள் தலைக்கு மேல் இடம் விட்டுத் தருவான். அந்த இடத்தில் நான் மை தொட்டுப் பேச்சை எழுதி, சுற்றிலும் குமிழ் வளைப்பேன். பிறகுதான் படத்துக்கு மை ஏறும். இதில் பல ஓவியர்கள் கடைந்தெடுத்த கஞ்சர்கள். கோபுரம், குதிரை, மேகம் என்று கட்டத்தை அடைத்துவிட்டு, மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு சந்து விடுவார்கள். நானூறு எழுத்தை அதற்குள் திணிக்க வேண்டும். க்ளோவிஸ் அப்படியில்லை. விருந்தாளிக்குத் தட்டு வைக்கிறவன்போல அளந்து, தாராளமாக, இடது மேல்பக்கத்தில் இடம் விடுவான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற சாதி நான், எனக்கு அவனிடம் பிடித்ததே அதுதான்.

அவன் பிறந்தது ஆற்றோரத்துக் காகித ஆலையின் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா ஃபிர்மேன் அந்த ஆலையில் காகிதக் கூழ்த் தொட்டிக்காரர். ஓரம் கிழிந்தது, கறை விழுந்தது என்று ஆலையில் ஒதுக்கிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அவற்றில் மீன் மடிப்பாள், பையன் படம் போடுவான். அப்பா அவற்றை எடுத்துப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். பேச்சுக்கு வரி போட்டிருந்தால் அரசாங்கம் அவரால் ஒரு காசு பார்த்திருக்காது. ஒரே ஒரு தடவை, அவன் தொடுறவரைக்கும் அந்தத் தாள் வெள்ளையா இருந்தது என்று மகனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அதைப் பாராட்டு என்று க்ளோவிஸ் இன்றைக்கும் சாதிக்கிறான். நான் ஒத்துக்கொள்வதில்லை.

போர்தோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். உன் கை டப்பாமேல் ஒட்டுகிற சீட்டுக்கு வரைகிற கை என்றார் அங்கே ஒரு பேராசிரியர். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், படிப்பு முடிந்ததும் அவன் செய்தது அதைத்தான். பாலாடைக்கட்டிப் பெட்டி, நத்தை டப்பா, இருமல் மருந்துப் புட்டி. பள்ளிப் பாடநூலில் பசுவின் நான்கு வயிறுகளை வெட்டிக் காட்டினான், அதில் அவனுக்குப் பெருமை அதிகம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கான வேதப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு சீடர்களையும் வரைந்தான். எல்லாருக்கும் ஆலைத் தொழிலாளர் முகம். கூழ்த் தொட்டியில் கையை முழங்கைவரை விட்டுவிட்டு எழுந்து வந்தவர்போல், சீடர்களின் தலைவர் இராயப்பர் நின்றார். பாதிரியார் ஒரு வாரம் யோசித்துவிட்டு, போகட்டும், அவர்களும் உழைப்பாளிகள்தானே என்று அச்சுக்கு அனுப்பினார்.

பிறகு மரீஸைக் கட்டினான். அவள் தபால் நிலையத்தில் வேலை. சாயங்காலம் வந்து காலணியைக் கழற்றும்போதே, யார் கடிதம் யார் வீட்டில் விழுந்தது, எந்தத் தபால்காரர் எந்த நாய்க்குப் பயந்து எந்தத் தெருவையே விட்டுவிட்டார் என்று ஆரம்பிப்பாள். க்ளோவிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பான். அந்தக் கிழங்குத் தோலோடு பிறந்ததுதான் மர்தியால் கழுதை. குழந்தைகளின் வாரப் பத்திரிகை ஒன்று, ஓர் இடம் காலியாக இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஏதாவது கொடு என்று கேட்டது. மூன்று வாரம் என்று வந்த கழுதை பாயைச் சுருட்டவே இல்லை. மரீஸ் வாயால் வந்தது, க்ளோவிஸ் கையால் நடந்தது, என் பேனாவால் பேசியது.

ஆனால் அது அவனைத் தின்றது. எங்கள் ஊரில் ஜனவரிக் கடைசியில் படக்கதைத் திருவிழா. ஓவியர் போடுகிற வெறும் கையெழுத்தெல்லாம் இங்கே செல்லாது, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு படமும் போட்டுத் தர வேண்டும். வாசகர்கள் மடக்கு நாற்காலியும் ரொட்டியுமாக வந்து விடியலிலிருந்தே குளிரில் வரிசை கட்டுவார்கள். தாடி வைத்த பெரிய மனிதர்கள் எல்லாம், அவருக்குப் போட்ட கழுதைக்குக் காது பெரிது, எனக்குச் சின்னது என்று மூக்கை உறிஞ்சுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேசைக்குப் பின்னால் க்ளோவிஸ் உட்காருகிற இடமெல்லாம் வரிசை முளைக்கும். ஒரு தடவை காய்கறிச் சந்தையில் கால்வலி என்று ஒரு மேசையோரம் உட்கார்ந்தான், கோஸ் வாங்க வந்தவர்கள் பின்னால் நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவன் அப்பா செத்துப்போன அன்று நடந்ததுதான் உச்சம். புதைத்தாயிற்று. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துத் துக்கம் சொல்கிறார்கள். வரிசைதானே? யாரோ ஒரு மனிதர், ரொம்ப வருத்தம் என்று சொன்ன கையோடு கோட்டுக்குள்ளிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்து நீட்டினார். க்ளோவிஸ் ஒரு நொடி அதைப் பார்த்தான். அப்புறம் பழக்க தோஷம், வாங்கி வரைந்துவிட்டான். ஈர மண் பக்கத்தில் நின்றபடி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்ட கழுதை. அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தவன் சட்டைகூட மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டான். நானும் மரீஸும் காப்பி போட்டோம்.

"எங்கப்பாவ நான் ஒரு தடவகூட வரைஞ்சதில்ல. அவரப் பொதைச்ச எடத்துல நின்னு கழுத வரைஞ்சிருக்கேன்," என்றான். "இனிமே வேணாம். நான் படம் வரையணும். சுவத்துல மாட்டற படம்."

மரீஸ் காப்பிக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவள் எதையும் கண்ணீரோடு தொடங்கமாட்டாள். "மூணு வருஷம்," என்றாள். "அதுக்குள்ள வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒருத்தர் உன்ன ஓவியன்னு சொல்லணும். நானோ ழினெத்தோ சொன்னா கணக்கில்ல. இல்லேன்னா கழுதகிட்ட மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு."

பாரிஸிலிருந்த பதிப்பாளர் முதலில் கத்தினார், பிறகு சாக்லேட் அனுப்பினார், பிறகு சுவர்மேல் காகம்போலப் பொறுமையாக உட்கார்ந்துகொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கழுதை வாயை மூடிக்கொண்டதும் என் பிழைப்பும் மூடிக்கொண்டது. உணவு விடுதிகளுக்குப் பலகை எழுதினேன். வாத்து வறுவல், வாத்து ஈரல், வாத்து என்று எழுதி எழுதி வாத்தைக் கண்டாலே எனக்கு வெறுப்பு. க்ளோவிஸ்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் போய்விடுவேன். கோபம் வேறு, மரீஸ் கை நத்தைக்குழம்பு வேறு.

காரை மழையில் நிறுத்திவிட்டு, கார்க் கொட்டகையில் அவன் வரைந்தான். யாரையும் உள்ளே விடவில்லை. எண்ணெய் வண்ண வாடை மட்டும் சாப்பாட்டு மேசைவரை வரும். மூன்றாவது வருஷம் முடியப்போகிற நேரத்தில் போர்தோவில் ஓவியக்கூடம் நடத்துகிற மதாம் வெர்னியோலைப் பிடித்தான். படக்கதைக்காரர்களுக்குத்தான் ஜனவரியில் கூடாரம் போட்டுத் தருகிறார்களே என்று முதலில் கையை உதறிய அம்மாள் அவர். இவன் விடாமல் தொலைபேசியில் அரித்ததில், வியாழக்கிழமை அக்காள் வீட்டுக்கு அந்தப் பக்கமாகத்தான் போகிறேன், வழியில் ஒரு எட்டுப் பார்க்கிறேன் என்று இறங்கிவந்தார்.

புதன்கிழமை மத்தியானம் க்ளோவிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினான். சவரம் செய்து, தலை வாரி, காலில் மட்டும் வழக்கமான கட்டம்போட்ட கம்பளிச் செருப்போடு கொட்டகை வாசலில் நின்றான். முதலில் நீ பார் என்றான். எனக்கு உள்ளே இனித்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

சுவரோரமாகப் படங்களை வரிசையாக நிறுத்தியிருந்தான். தூண்டில் போடும் ஆட்கள், பக்கத்தில் அடுத்த வீட்டு நாய். பட்டாணி உரிக்கும் மரீஸ். ஆலை வாசலில் சைக்கிளோடு நிற்கும் பெண்கள். மேசையோரம் கையை மடித்து உட்கார்ந்திருக்கும் அப்பா ஃபிர்மேன். நன்றாக இருந்தன. பொய் சொல்லவில்லை, அந்தக் கிழவரின் முழங்கையைப் பார்த்தபோது எனக்குக் கூழ் வாடையே அடித்தது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று போகப்போக என் வலது கை தானாகப் பேனாவைத் தேட ஆரம்பித்தது. ஏன் என்று புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சிரிக்கற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் ரொம்ப நல்லாருக்கு. எங்கெங்க என்ன எழுதணும்னு மட்டும் நீ இன்னும் சொல்லல."

"எழுதறதா?"

நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒவ்வொரு படத்திலும், இடது மேல்பக்கம், தலைக்கு மேலே, அளந்து வைத்த காலியிடம். இங்கே இரண்டு வரி பிடிக்கும். இங்கே நீளமாக ஒரு புலம்பல். நாய்க்கு ஒரே ஒரு குரைப்பு, தாராளமாகப் போடலாம்.

"அது வானம்," என்றான்.

"சரி. இது?"

"சுவரு."

"இது?"

"மூடுபனி."

"நம்மூரு மூடுபனி எடதுபக்க மேல்மூலையிலதான் எறங்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே."

அவன் சிரிக்கவில்லை. முதல் படத்திலிருந்து கடைசிவரை நடந்தான், திரும்பி வந்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் வேறெதுவும் தெரியாது, அந்த மாதிரிப் பிழை அது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, "நாளைக்கு அந்தம்மா வராங்க ழினெத்," என்றான். என் நாக்கை அங்கேயே கடித்துத் துப்பியிருக்கலாம் என்று தோன்றியது. மூன்று வருஷம் ஒருத்தன் மழையில் காரை நனையவிட்டு உழைத்திருக்கிறான், நான் மூன்று நிமிஷத்தில் அதற்குக் கொள்ளி வைத்துவிட்டேன்.

பிறகு நடந்த கூத்தை எப்படிச் சொல்ல? பாய்ந்து எழுந்து, பெரிய தூரிகையை எடுத்து, காலியிடங்களை அடைக்க ஆரம்பித்தான். தூண்டில்காரர்கள்மேல் ஒரு கூட்டம் பறவை. சைக்கிள் பெண்கள்மேல் ஒரு கடிகாரம். மரீஸ் தலைக்கு மேல் ஒரு விளக்கைத் தொங்கவிட்டான், அது எப்போது அறுந்து விழுமோ என்று பட்டாணியே பயப்படுகிற மாதிரி இருந்தது. போதும் நிறுத்து என்று நான் சொல்லச் சொல்ல அப்பாவிடம் வந்துவிட்டான். அங்கே எதை வைப்பது? ஒரு முழுப் பன்றித்தொடையை உத்தரத்தில் தொங்கவிட்டான்.

தபால் நிலையத்திலிருந்து வந்த மரீஸ் பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்தாள்.

"உங்கப்பா தலைக்கு மேல எதுக்குப் பன்னித்தொட தொங்குது?"

"காலியா இருந்துச்சு."

"அவரு இருந்த எடமெல்லாம் காலியாத்தான் இருந்துச்சு. மனுஷன் வாயத் தெறந்தாத்தானே?" என்று சொல்லிவிட்டு, சாயம் சுரண்டுகிற கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். எண்ணெய்ச் சாயம் காயவில்லை, பிழைத்தோம். ஆளுக்கொரு துணியும் கத்தியுமாக மூன்று பேரும் பறவையைச் சுரண்டினோம், கடிகாரத்தைச் சுரண்டினோம். பன்றித்தொடை மட்டும் முழுசாகப் போகாமல் கிழவர் தலைக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு கறை நின்றுவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் பழையபடி காலி.

மறுநாள் மதாம் வெர்னியோல் வந்தார். குள்ளமான, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற அம்மாள். நாங்கள் நீட்டிய திராட்சை மதுவைத் தொடவில்லை. க்ளோவிஸ் வாயே திறக்கக்கூடாது என்று மரீஸ் கட்டளை போட்டிருந்தாள், அவன் ஓரமாக நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் மரீஸும் வாசலில். அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும், அவ்வளவுதான். வராவிட்டால் கழுதை வரும். கழுதை வந்தால் எனக்கு வேலையும் வரும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தச் சொல் வர வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். வாத்து எழுதியே செத்தாலும் பரவாயில்லை என்று நிஜமாகவே நினைத்தேன்.

அவர் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நெடுநேரம் நின்றார். கழுத்தைச் சாய்த்தார். கடைசியில் திரும்பினார்.

"நல்ல கை, முசியே. ஆனா எல்லாரும் எதுக்கோ காத்திருக்காங்க. இன்னும் யாரோ வந்து முடிச்சுக் குடுக்கணும்ங்கிற மாதிரி."

மரீஸ் என் முழங்கையைப் பிடித்தாள். அந்த அம்மாள் கையுறையை மாட்ட ஆரம்பித்தார். ஒரு கை மாட்டி, அடுத்த கைக்குப் போகும்போது, புல்வெட்டுகிற இயந்திரத்துக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. அது என்ன என்று கேட்டார். அது சும்மா, ஞாபகத்திலிருந்து ஏதோ போட்டது, காட்டுவதற்கில்லை என்று க்ளோவிஸ் முணுமுணுத்தான். அதற்குள் அவரே போய்த் திருப்பிவிட்டார்.

நான்தான் அதில் இருந்தேன்.

அவர்கள் வீட்டுச் சன்னலோர மேசையில், வருஷக்கணக்காக நான் உட்கார்ந்து எழுதிய இடத்தில், குனிந்து உட்கார்ந்திருந்தேன். விரலில் மைக்கறை. பல்லிடுக்கில் நாக்கு நுனி. எழுதும்போது நாக்கை நீட்டுகிறாய் என்று அவன் சொல்லும்போதெல்லாம் இல்லவே இல்லை என்று சண்டை போட்டிருக்கிறேன், இனிமேல் போட முடியாது. என் தலை படத்தின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தோள், மறுபக்கம் மேசை, நடுவில் நான், ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. பார்க்கிறவள் ஓரடி பின்னால் நகர வேண்டும், இல்லாவிட்டால் கை இடித்து மை சிந்திவிடும்.

மதாம் வெர்னியோல் மாட்டிய கையுறையைக் கழற்றினார். நின்றார். எங்களை எல்லாம் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"இது ஓவியம்," என்றார். பிறகு க்ளோவிஸைப் பார்த்து, "நீங்க ஓவியர்தான், முசியே. ஆனா இந்த ஒரு படத்துக்கு மட்டும். இதுமாதிரி பத்து கொண்டு வாங்க, எங்கிட்ட இருக்கிற நல்ல சுவர உங்களுக்குத் தர்றேன்," என்றார். மரீஸ் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், இரண்டு நாள் வலித்தது. க்ளோவிஸ் நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல், அந்த அம்மாளின் காருக்குக் கதவைத் திறந்துவிட்டு, அது முக்கு திரும்பிய பிறகும் அப்படியே தெருவில் செருப்போடு நின்றான்.

அவர் தொடாத மதுவை நாங்கள் தொட்டோம். மரீஸ் சிரித்தாள், அழுதாள், பதிப்பாளருக்கு அவர் அனுப்பிய சாக்லேட்டைத் திருப்பி அனுப்ப முடியாதே, தின்றுவிட்டோமே என்று மறுபடி சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே ஒரு முள். முதல் கோப்பைவரை பொறுத்தேன், இரண்டாவதில் வெடித்துவிட்டது.

"தூண்டில் போடறவனுக்கு எடம் விட்ட. உங்கப்பாவுக்கு விட்ட. அடுத்த வீட்டு நாய்க்கு விட்ட. அத்தன ஆல்பமும் உனக்கு எழுதிக் குடுத்தவ நான். என் தலைக்கு மேல ஒரு வரிக்குக்கூட உங்கிட்ட எடமில்லையா?"

க்ளோவிஸ் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

"நீதான் படத்துக்குள்ள உக்காந்துட்டியே ழினெத். எடம் விட்டா யாரு வந்து எழுதுவா?"

மரீஸ் சிரிப்பை நிறுத்திவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். என் மூக்கு அவ்வளவு நீளமில்லை என்று மட்டும் பிறகு சொன்னேன்.